ஐந்து பழைய தீயணைப்பு சிலிண்டர்களும் பொய் சொன்ன ஒரு முள்ளும்

சிலிண்டரின் அழுத்தம் காட்டும் கேஜில் முள் பூஜ்ஜியத்தில் படுத்துக் கிடந்தது. அதை நம்பித்தான் பாதுகாப்புப் பின்னை உருவினேன்.

சமையலறைக் கதவோரம் 13 வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்த 2 கிலோ ஏபிசி (பல வகைத் தீக்கும் பொதுவானது) பவுடர் சிலிண்டர் அது. மாட்டிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை. ஒட்டடை அடிக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் அடிப்போம். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டலாம் என்று கழற்றினேன். போடுவதற்கு முன் உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாமே என்று சாமான் அறைக்குக் கொண்டுபோய், ஹோஸைச் சுவர்ப் பக்கம் திருப்பி, லீவரை அமுக்கினேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக அமுக்கினேன். லேசாக ஒரு 'ஸ்' சத்தம். சரி, காலிதான் என்று முடிவு செய்துவிட்டேன். அத்தோடு விட்டிருக்கலாம். சிலிண்டரை நன்றாக இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு மூன்றாம் முறை அமுக்கினேன்.

நாசிலில் அடைத்திருந்த கட்டி தெறித்தது. வெளிர்மஞ்சள் பவுடர் சுவரில் மோதி, வந்த வேகத்தில் திரும்பி என் முகத்துக்கே வந்தது. இரண்டு மூன்று நொடிக்குமேல் இருக்காது, லீவரை விட்டுவிட்டேன். ஆனால் அதற்குள் அறையில் என் கையே எனக்குத் தெரியவில்லை. சுவரைத் தடவித் தடவிக் கதவைப் பிடித்து, இருமிக்கொண்டே வெளியே வந்தேன். சத்தம் கேட்டு வந்த என் மனைவி தலை முதல் கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, "அணைச்சாச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

சுத்தம் செய்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மொத்த வேலையிலும் அதுதான் அதிக நேரம் பிடித்தது.

ஏபிசி பவுடரில் பெரும்பங்கு மோனோஅம்மோனியம் பாஸ்பேட். மாவைவிட நைசாக அரைத்து, ஈரம் பிடிக்காமல் இருக்க சிலிகோன் பூசியிருப்பார்கள். அது தெரியாமல் வாளித் தண்ணீரை எடுத்துத் தரையில் தெளித்தேன். பவுடர் நனையவே இல்லை, தண்ணீரின் மேலே மிதந்தது. துடைப்பத்தால் தேய்த்த இடத்தில் பசைபோல் அப்பிக்கொண்டது, காய்ந்ததும் இறுகிவிட்டது. அடுத்து வீட்டு வேக்யூம் கிளீனரை எடுத்தேன். அது முன்னால் உறிஞ்சியதைப் பின்பக்கம் புகையாக விட்டது. சாதாரண ஃபில்டருக்கு அடங்குகிற துகள் இல்லை இது. மோட்டாருக்குள்ளும் போயிருக்கும், அந்த மெஷின் இன்றைக்கும் ஒரு மாதிரி முனகிக்கொண்டுதான் ஓடுகிறது.

கடைசியில் பலன் தந்தது பழைய முறைதான். ஜன்னலைத் திறந்து வைத்து, என்95 மாஸ்க்கும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் காய்ந்த நிலையிலேயே மெதுவாகக் கூட்டி முறத்தில் அள்ளினேன். மிச்சத்தை நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்தேன். துணியை வாளியில் அலசிய தண்ணீரை மழைநீர் வடிகாலில் ஊற்றவில்லை. பாஸ்பேட் குளத்துக்கோ ஏரிக்கோ போய்ச் சேர்ந்தால் பாசிக்குத் தீனி. இன்னொன்று, இந்தப் பவுடர் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. காற்றில் ஈரம் பட்டால் உலோகத்தை அரிக்க ஆரம்பிக்கும். நான் கவனிக்காமல் விட்ட ஒரு பித்தளைப் பூட்டு நான்கே நாளில் பச்சை பூத்துவிட்டது. அதனால் உலோகச் சாமான்களை எல்லாம் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சமையல் சோடா கரைத்து அதில் ஒருமுறை, பிறகு நல்ல தண்ணீரில் ஒருமுறை துடைத்தேன். சுவரில் இருந்த பிளக் பாயிண்டுக்கு மெயினை அணைத்துவிட்டு, மூடியைக் கழற்றி, காய்ந்த பிரஷ் மட்டும்தான்.

இரண்டு நாள் இப்படி முழங்காலில் நடந்தபோது மண்டையில் ஓடிய கேள்வி ஒன்றே ஒன்று. முள் பூஜ்ஜியத்தில் இருக்கும்போது இந்தப் பவுடரைத் தள்ளியது எது?

கேஜுக்குள் பெரிய மாயமெல்லாம் இல்லை. வளைத்து வைத்த ஒரு மெல்லிய உலோகக் குழாய், ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை சிலிண்டருக்குள் திறந்திருக்கும். அழுத்தம் ஏற ஏற அந்த வளைவு கொஞ்சம் நிமிரும், அந்த அசைவுதான் முள்ளைத் திருப்புகிறது. அந்தக் குழாயின் வாயை இறுகிப்போன பவுடர் அடைத்துக்கொண்டாலோ, துரு பிடித்து முள் சிக்கிக்கொண்டாலோ, அது காட்டுவது என்றைக்கோ இருந்த நிலையைத்தான். பச்சையில் சிக்கிய முள் காலி சிலிண்டரையும் பச்சை என்று சொல்லும். சிவப்பில் சிக்கிய முள் நிரம்பியதையும் காலி என்று சொல்லும். முதல் வகைப் பொய் தீப்பிடித்த அன்று தெரியவரும், இரண்டாவது வகைப் பொய் எனக்குத் தெரியவந்த மாதிரி தெரியவரும்.

நல்ல நிலையில் உள்ள பவுடர் சிலிண்டரில் நைட்ரஜனோ காய்ந்த காற்றோ சுமார் 12 முதல் 15 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். 15 பார் என்று சொன்னால் மனதில் பதியாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். வால்வு திருகியிருக்கும் கழுத்து 3 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் பரப்பு சுமார் 7 சதுர சென்டிமீட்டர். அந்த வால்வைக் கீழிருந்து மேலே தள்ளுகிற விசை 100 கிலோ எடைக்கு மேல். அடித்தட்டு 11 சென்டிமீட்டர் அகலம் என்றால் அதன்மேல் கிட்டத்தட்ட 1.4 டன். ஒரு மனிதர் ரம்பத்தையோ டிரில்லையோ எடுத்துக்கொண்டு இதன் பக்கத்தில் உட்காரக்கூடாது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும். வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை லாரியின் அமுக்கும் இயந்திரத்தில் நசுங்கும், பழைய இரும்போடு போட்டால் நொறுக்கும் இயந்திரத்திலோ உலையிலோ போய் விழும். வெடிக்கும்போது பக்கத்தில் நிற்பது நாமாக இருக்கமாட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வார இறுதியில் வீடு முழுக்கத் தேடி, என்னென்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதினேன். ஐந்து வரி வந்தது.

முதல் வரி, மேலே சொன்ன 2 கிலோ ஏபிசி. இரண்டாவது, வண்டியில் வைத்திருந்த 1 கிலோ ஏபிசி, 8 வருடம், முள் பச்சையில். மூன்றாவது, அப்பாவின் பட்டறையில் இருந்து வந்த 5 கிலோ பவுடர் சிலிண்டர். அதில் கேஜே கிடையாது, மேல்மூடியில் தட்டுவதற்கு ஒரு குமிழ், அடியில் விரலால் சுரண்டினால் உதிரும் அளவுக்குத் துரு. நான்காவது, மின்பலகைக்குப் பக்கத்தில் இருந்த 2 கிலோ கார்பன் டை ஆக்சைடு, வாயில் புனல் போன்ற கறுப்பு ஹாரன். ஐந்தாவது, சித்தப்பாவின் பழைய காரில் இருந்து எடுத்து வைத்த, தண்ணீர் பாட்டில் உயரம்கூட இல்லாத ஒரு குட்டிச் சிலிண்டர். அதன் லேபிளில் பாதி கிழிந்து 'பிசிஎஃப்' என்ற மூன்று எழுத்து மட்டும் மிச்சம்.

முதலில் வகையைக் கண்டுபிடிக்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. லேபிள் போயிருந்தால்கூட உடம்பு காட்டிக்கொடுக்கும். ஹாரன் இருந்து, கேஜ் இல்லாமல், அளவுக்கு மீறிக் கனத்தால் கார்பன் டை ஆக்சைடு. கேஜ் இருந்து, மெல்லிய ஹோஸோ குட்டி நாசிலோ இருந்தால் பெரும்பாலும் பவுடர். தண்ணீர், நுரை வகைகளைக் குலுக்கினால் திரவம் தளும்புவது கையில் தெரியும். தயாரித்த வருடம் லேபிளில் இல்லாவிட்டால் அடித்தட்டிலோ கழுத்திலோ அச்சடித்திருக்கும், டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் அதை நாம் தொடவேண்டாம். நோட்டிலும் அப்படியே எழுதிக்கொண்டேன்: 'வகை தெரியாதது, என் வேலை இல்லை.'

ஐந்தில் என் கையால் அழுத்தம் இறக்கியது இரண்டை மட்டும்தான். அதற்கும் முன்னால் ஒரு தீயணைப்பு சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து கேட்டேன். "பவுடர்னா வெளியில வெச்சு இறக்கிட்டு எடுத்துட்டு வாங்க சார், இல்லேன்னா அப்படியே எடுத்துட்டு வாங்க. மத்ததைத் தொடாதீங்க" என்றார் மெக்கானிக். பாதுகாப்பான வழி எது என்று கேட்டால் அவர் சொன்ன இரண்டாவதுதான்: அப்படியே கொண்டுபோய்க் கொடுப்பது. சர்வீஸ் செய்பவர்களிடமோ, வீட்டு அபாயக் கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுத்துவிட்டால் நமக்கு ஒரு வேலையும் இல்லை. எனக்கு இரண்டாம் நம்பர் சிலிண்டரில் வேறு ஒரு ஆசை இருந்தது.

இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் யாரும் ஒரு தீயணைப்பானை இயக்கிப் பார்த்ததில்லை. பச்சையில் இருக்கும் ஒன்றைத் தூக்கிக் கொடுப்பதற்குப் பதில் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம் என்று தோன்றியது. காற்று அதிகம் இல்லாத காலை நேரம், சுற்றிலும் ஆள் இல்லாத திறந்தவெளி, கீழே பெரிய தார்ப்பாய். நெருப்பு எதுவும் மூட்டவில்லை, ஒரு அட்டைப்பெட்டிதான் 'தீ'. சிலிண்டரின் அடியிலும் மடிப்பிலும் துருவோ பள்ளமோ இல்லை என்று பார்த்துவிட்டு, காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றுகொண்டு மகளிடம் கொடுத்தேன். பின்னை உருவு, அடியைக் குறிபார், லீவரை அமுக்கு, இடமும் வலமுமாக வீசு. சொல்வதற்கு எளிது. அவளால் பின்னை உருவவே முடியவில்லை, ஏனென்றால் பயத்தில் லீவரையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். லீவரைப் பிடித்திருந்தால் பின் சிக்கிக்கொள்ளும். கையைத் தளர்த்தியதும் வந்துவிட்டது. பிறகு அமுக்கியதில் முதல் மூன்று நொடி பெட்டிக்கு மேலே வானத்தை அணைத்தாள். குறி சரிவந்து இரண்டு வீச்சு வீசுவதற்குள் தீர்ந்துவிட்டது. போனில் எடுத்த வீடியோவில் எண்ணினால் மொத்தமே 8 நொடி.

"இவ்வளவுதானாப்பா?" என்றாள். எனக்கும் அதே அதிர்ச்சிதான்.

புகைமண்டலம் அடங்கியதும் சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, சத்தம் முற்றிலும் நிற்கும்வரை லீவரை அமுக்கிப் பிடித்தேன். கவிழ்ப்பதற்குக் காரணம் உண்டு. உள்ளே வால்விலிருந்து அடிவரை ஒரு குழாய் இறங்கியிருக்கும். நிமிர்த்தி வைத்தால் அதன் வாய் பவுடருக்குள் இருக்கும், அதனால் பவுடர் வரும். கவிழ்த்தால் பவுடர் கழுத்துப் பக்கம் விழுந்துவிட, குழாயின் வாய் காற்றுக்குள் நிற்கும். வாயு மட்டும் வெளியேறும், பவுடர் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். இதை நான் முதல் நாளே தெரிந்துகொண்டிருந்தால் அந்த இரண்டு நாள் முழங்கால் வலி மிச்சம். தார்ப்பாயில் விழுந்த பவுடரை அள்ளித் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டினேன். தோட்டத்தில் கொட்டலாமா என்றால், வேண்டாம். மோனோஅம்மோனியம் பாஸ்பேட் உரம்தான், உண்மை. பழைய பவுடரைப் பதப்படுத்தி உரமாக்கும் ஆலைகளும் உண்டு. ஆனால் சிலிகோனும் நிறமியும் சேர்ந்த இதை அப்படியே ஒரு செடியின் காலடியில் குவித்தால் செடி கருகும்.

அடுத்து அந்தப் பொய்க்கார முதல் நம்பர். இதற்கு நாசிலைச் சுற்றிப் பழைய தலையணை உறை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, நூலால் தளர்வாகக் கட்டினேன். துணி என்றால் வாயு கசிந்து போகும், பவுடர் பெரும்பாலும் நிற்கும். பிளாஸ்டிக் பையை இறுக்கிக் கட்டினால் அது பலூனாகி உடையும். வெளியில் வைத்துக் கவிழ்த்து அமுக்கியதும் அரை நிமிடத்துக்குமேல் 'ஸ்ஸ்' என்று போனது. முள்ளோ அசையவே இல்லை, பூஜ்ஜியத்திலேயே சாவகாசமாகப் படுத்திருந்தது.

சத்தம் நின்ற பிறகு லீவரைக் கம்பியால் கட்டித் திறந்தபடியே ராத்திரி முழுக்க வெளியே விட்டேன். இறுகிய பவுடருக்குள் வாயு பொந்து பொந்தாகச் சிக்கியிருக்கும், அது மெதுவாகத்தான் வெளியே வரும். காலையில் கம்பியைத் தளர்த்திச் சிலிண்டரைக் கொஞ்சம் தட்டி, மறுபடி அமுக்கினால் பெருமூச்சுபோல் ஒரு சின்னச் சத்தம். மறுபடி கட்டினேன். இப்படி மூன்று தடவை. நான்காவது தடவை சத்தமே இல்லை. 'காலி, லீவர் திறந்திருக்கிறது' என்று மார்க்கரில் எழுதி ஒட்டினேன்.

மூன்றாம் நம்பரை ஏன் தொடவில்லை என்று சொல்ல வேண்டும். கேஜ் இல்லாத அந்தப் பழைய வகையில் சாதாரண நேரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தமே இருக்காது. மூடிக்கு அடியில் கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய ஒரு சின்னக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். குமிழைத் தட்டினால் ஊசி இறங்கி அதன் சீலைக் கிழிக்கும், ஒரு நொடியில் மொத்த அழுத்தமும் சிலிண்டருக்குள் வந்துவிடும். அதாவது வருடக்கணக்காக ஓய்வில் இருந்து, அடி துருவேறிப்போன தகரம், நாம் அதைக் கையில் பிடித்திருக்கும் அதே நொடியில் முழு அழுத்தத்தையும் வாங்குகிறது. அடித்தட்டு பிய்ந்துகொண்டு சிலிண்டர் ராக்கெட்டாகக் கிளம்புவது இந்த மாதிரி இடத்தில்தான். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. பயிற்சிக்காகக்கூட இதைத் தட்டிப் பார்க்கக்கூடாது. குமிழின் பாதுகாப்புக் கிளிப் அசையாதபடி டேப் சுற்றி, ஒரு பெட்டிக்குள் நிமிர்த்தி வைத்தேன்.

நான்காம் நம்பரில் கேஜ் கிடையாது என்றேன் அல்லவா, வைத்துப் பிரயோஜனமும் இல்லை. கார்பன் டை ஆக்சைடு உள்ளே திரவமாக இருக்கிறது. கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும்வரை, 20 டிகிரியில் அழுத்தம் சுமார் 57 பார்தான், பாதி போயிருந்தாலும் அதேதான். எவ்வளவு இருக்கிறது என்று சொல்லக்கூடியது தராசு மட்டும். என்னுடையதில் காலி எடை 4.9 கிலோ, நிறை எடை 6.9 கிலோ என்று குறித்திருந்தது. தராசில் 6.7. ஆக 200 கிராம் கசிந்திருக்கிறது, மிச்சம் 1.8 கிலோ பத்திரமாக உள்ளே.

இதை வீட்டில் வைத்துத் திறந்துவிடலாம், வெறும் காற்றுதானே என்று ஒரு உறவினர் யோசனை சொன்னார். 2 கிலோ கார்பன் டை ஆக்சைடு விரிந்தால் சுமார் 1.1 கன மீட்டர். எங்கள் சாமான் அறை மொத்தமே 7 கன மீட்டர் சொச்சம். கதவை மூடிக்கொண்டு திறந்தால் அறைக் காற்றில் சுமார் 14 சதவீதம். சாதாரணக் காற்றில் இருப்பது 0.04 சதவீதம், 10 சதவீதத்தைத் தாண்டினாலே சில நிமிடத்தில் நினைவு தப்பிவிடும். வாசனை கிடையாது, கண்ணுக்குத் தெரியாது, காற்றைவிடக் கனமானதால் கீழேயே தங்கும். போதாததற்கு வெளியே வரும்போது மைனஸ் 78 டிகிரியில் பனித்தூளாக வரும், ஹாரனைக் கையால் பிடித்தால் தோல் வெந்துவிடும். இதைச் சொன்னதும் உறவினர் பேச்சை மாற்றிவிட்டார்.

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோன அன்று எல்லாவற்றையும் நிமிர்த்தி, உருளாமல் கட்டி, பாதுகாப்புப் பின் உள்ளவற்றில் பின்னோடு சேர்த்து டேப் சுற்றி எடுத்துப் போனேன். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விடவில்லை, ஜன்னலையும் கொஞ்சம் இறக்கியே வைத்திருந்தேன்.

முதல் நம்பரைப் பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டுமா என்று கேட்டேன். "பக்கத்துல வேண்டாம் சார், இப்படி என் பின்னால வாங்க" என்றார் மெக்கானிக். வைஸில் இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவில் சிலிண்டரைப் படுக்கவைத்துப் பிடித்தார், வால்வு வெறும் சுவரைப் பார்த்து இருந்தது. என் கம்பிக் கட்டைப் பார்த்துத் தலையாட்டினார், ஆனால் ஒட்டியிருந்த சீட்டைப் படித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே முழு அழுத்தம் இருக்கிறது என்கிற மாதிரியே வேலையை ஆரம்பித்தார். நீளமான ஸ்பேனரை மாட்டி, பக்கவாட்டில் நின்றுகொண்டு கால் சுற்று, நிறுத்தம், இன்னொரு கால் சுற்று.

ஒன்றரைச் சுற்றில் 'சுஸ்' என்றது.

அவர் கை ஸ்பேனரை விட்டுவிட்டது. நான் இரண்டடி பின்னால் போனேன். மூன்று தடவை இறக்கி, ராத்திரியெல்லாம் திறந்து வைத்து, நான்காம் தடவை சத்தமே வராத சிலிண்டர்! "குழாய் அடைச்சிருக்கும் சார். நீங்க திறந்தது வால்வை, வாயு இருந்தது அதுக்கு அந்தப் பக்கம்" என்றார். வால்வுத் திருகில் ஒரு சின்னக் காடி வெட்டியிருப்பார்கள். மரை முழுதாகக் கழலும் முன்பே மிச்ச வாயு அந்தக் காடி வழியாக வெளியேறட்டும் என்றுதான் அது. மரை இன்னும் பாதிக்குமேல் பிடித்திருக்கும்போதே சத்தம் வந்துவிடும், கேட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். சத்தம் அடங்க ஐந்து நிமிடம் ஆனது. அவர் அந்த ஐந்து நிமிடமும் வேறு வேலை பார்த்தார். உள்ளே ஒரே ஒரு பார் மிச்சம் இருந்திருந்தாலும் வால்வின்மேல் 7 கிலோ விசை, அந்தக் கனமான பித்தளையை முகத்துக்கு அனுப்ப அது தாராளம். வீட்டில் நானே பிரித்துப் பார்க்கலாம் என்ற ஒரு யோசனை அதுவரை மனதின் ஓரத்தில் இருந்தது. அங்கேயே போய்விட்டது.

வால்வு கழன்று வந்தபோது உள்ளே இருந்ததைப் பார்க்க வேண்டும். நனைந்து இறுகிய சிமெண்ட் மூட்டை மாதிரி, குழாயைச் சுற்றிக் கெட்டியாக ஒரு தூண். குழாயின் வாயில் விரல் நுனி அளவு கட்டி. கேஜுக்குப் போகும் துளை முழுக்க அடைப்பு, ஊசியால் குத்தினால்தான் பொடி உதிர்ந்தது. இந்தச் சிலிண்டர் தீப்பிடித்த நேரத்தில் வேலை செய்திருக்குமா என்றால், நான் செய்த மாதிரி குலுக்கிக் குலுக்கி மூன்று தடவை அமுக்கப் பொறுமை இருந்தால் செய்திருக்கும்.

அங்கே பவுடருக்கு இரண்டு தனி மூட்டை. ஏபிசி ஒன்றில், பிசி இன்னொன்றில். பிசி பவுடர் என்பது சோடியம் பைகார்பனேட்டோ பொட்டாசியம் பைகார்பனேட்டோ. அமிலத்தன்மை உள்ள ஏபிசியோடு அது கலந்து ஈரமும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு பொங்கும். மூடிய சிலிண்டருக்குள் அது நடந்தால் சிலிண்டரே வெடிக்கலாம். வீட்டில் பவுடரைப் பையில் கட்டிவைப்பவர்களும் இரண்டையும் ஒரே பையில் போடவேண்டாம்.

மூன்றாம் நம்பரில் மூடியைக் கழற்றி, கார்ட்ரிட்ஜை எடுத்துத் தனியாக வைத்தார். அதுவும் ஒரு முழுச் சிலிண்டர்தான், அளவுதான் சின்னது. உள்ளே அதே திரவ கார்பன் டை ஆக்சைடு, அதே 57 பார். அதையும் இரும்போடு போடக்கூடாது. பவுடரைக் கொட்டிய பிறகு சிலிண்டரின் அடியில் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். உள்ளே போய்விட்டது. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

நான்காம் நம்பர் விஷயத்தில் நான் எதிர்பார்க்காத தீர்ப்பு. "இதை ஏன் சார் ஒழிக்கணும்?" என்றார். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தடித்த எஃகு. நாட்டுக்கு நாடு 5 அல்லது 10 வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் செய்ய வேண்டும். உள்ளே தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட மிக அதிகமாக ஏற்றிப் பார்ப்பார்கள். தாங்கினால் மறுபடி நிரப்பிப் பயன்படுத்தலாம். உள்ளே உள்ள வாயுவின் எடை 10 சதவீதம் குறைந்திருந்ததால் ரீஃபில் எப்படியும் தேவை. டெஸ்டில் தேறியது. இன்றைக்கு அதே மின்பலகைக்குப் பக்கத்தில் புதுச் சீலோடு இருக்கிறது. ஒழிக்கக் கிளம்பி ஒன்றைக் காப்பாற்றியதில் எனக்கு அற்ப சந்தோஷம்.

வால்வு கழற்றிய மூன்று காலிச் சிலிண்டர்களை நான் காயலான் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒவ்வொன்றின் கழுத்துக்குள்ளும் போன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டார். வால்வோடு கொண்டுவந்தால் வாங்கவே மாட்டாராம். பித்தளையும் அலுமினியமும் ஒரு பக்கம், எஃகு ஒரு பக்கம்.

மிச்சம் அந்தக் குட்டி ஐந்தாம் நம்பர். பிசிஎஃப் என்பது ஹாலான் 1211, புரோமோகுளோரோடைஃபுளூரோமீத்தேன். பவுடர்போல் அழுக்காக்காது, மின்சாரம் கடத்தாது, தீயை நொடியில் அணைக்கும். ஒரு காலத்தில் கார்களிலும் கணினி அறைகளிலும் இதுதான் ராஜா. அதில் உள்ள புரோமின்தான் வில்லனும். மேலே போய் ஓசோன் படலத்தைத் தின்கிறது. ஓசோனைக் காப்பதற்கான மாண்ட்ரியல் ஒப்பந்தம் 1987இல் கையெழுத்தானது. அதன்படி வளர்ந்த நாடுகளில் 1994 தொடக்கத்தோடும், வளரும் நாடுகளில் 2010 தொடக்கத்தோடும் ஹாலான் தயாரிப்பு நின்றது. ஓசோனை அழிக்கும் திறனில் சிஎஃப்சி 11 என்ற குளிர்சாதன வாயுவுக்கு 1 என்று வைத்தால் ஹாலான் 1211க்கு 3, அதன் அண்ணன் 1301க்கு 10. ஆகவே இதை 'இறக்கிவிடுவது' என்ற பேச்சே இல்லை. ஒரு சொட்டும் வெளியே விடாமல் மீட்டெடுக்கும் இயந்திரம் உள்ளவர்களிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். மீட்ட ஹாலானுக்கு இன்றும் தேவை இருக்கிறது. விமானங்களில் இதற்கு முழு மாற்று இன்னும் வராத இடங்கள் உண்டு, புதிதாகத் தயாரிக்காததால் பழையதைச் சுத்தம் செய்துதான் ஓட்டுகிறார்கள்.

பழைய வீடுகளில் சுவரில் மாட்டிய கண்ணாடி உருண்டைகளோ, கைப்பம்பு வைத்த பித்தளை உருளைகளோ அலங்காரப் பொருளாகக் கிடந்தால் அவற்றையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். பலவற்றில் இருப்பது கார்பன் டெட்ராகுளோரைடு. கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் விஷம், சூடு பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு. உடையாமல் பொதிந்து, நேராக அபாயக் கழிவுக்கு. பழைய நுரை வகையையும் சாக்கடையில் திறந்துவிடக்கூடாது, அதில் உள்ள ஃபுளூரின் சேர்மங்கள் தண்ணீரில் அழியாமல் அப்படியே நிற்கும்.

என் மெக்கானிக்கிடம் ஹாலான் மீட்கும் வசதி இல்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அதுவரை குட்டிச் சிலிண்டர் வெயில் படாத அலமாரியின் கீழ்த்தட்டில், நிமிர்ந்தபடி, பின்னில் டேப்போடு நிற்கிறது. மாதம் ஒருமுறை எடை பார்க்கிறேன், கசியவில்லை. நோட்டில் நான்கு வரிகளுக்கு டிக் போட்டாயிற்று. ஐந்தாவதற்கு எதிரே தேதியும் எடையும் மட்டும் வரிசையாக நீண்டுகொண்டு போகிறது.